கூறு கூறாக, பாத்தி பாத்தியாக: சொல் இரட்டித்தல் பற்றிச் சில குறிப்புகள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் வேதபாட வகுப்பு ஒன்றை நடத்தும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அன்றைய பாடம் மாற்கு ஆறாம் அதிகாரம். ஐயாயிரம் பேர் உணவருந்திய நிகழ்ச்சி. மக்கள் புல்தரையில் குழுக்களாக அமர்த்தப்பட்டனர் என்று நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, சதுரங்கப்பட்டினக் கரையிலிருந்து மீன்கூடை சுமந்து ஊர் ஊராக விற்று வரும் முதிய பெண்மணி ஒருவர், "கூறு கூறா உக்கார வெச்சாருன்னு சொல்றீங்களா ஐயா?" என்று வினவினார். சிலர் சிரித்தனர். மீனைக் கூறு போடுவதுபோல் மனிதரையும் கூறு போடுவதா என்பது அவர்தம் நகைப்புக்குக் காரணம். நாமும் புன்னகையோடு, "குழுக்களாக அம்மா" என்று திருத்திவிட்டு மேலே சென்றோம். வீடு திரும்பிக் கிரேக்க மூலத்தைத் திறந்தபோதுதான், திருத்தப்பட வேண்டியவர் யார் என்பது நமக்குப் புலப்பட்டது.

மாற்கு அவ்விடத்தில் 'குழுக்கள்' என்று பொதுவாக எழுதவில்லை. 39-ஆம் வசனத்தில் 'சிம்போசியா சிம்போசியா' என்றும், 40-ஆம் வசனத்தில் 'பிரசியாய் பிரசியாய்' என்றும் ஒரே சொல்லை இருமுறை அடுக்குகிறார். 'சிம்போசியா' என்பது விருந்துக்கு அமர்ந்தோரின் கூட்டம். நம் வழக்கில் பந்தி. 'பிரசியா' என்பது தோட்டத்துப் பாத்தி. ஆகவே மக்கள் பந்தி பந்தியாகவும், பாத்தி பாத்தியாகவும் அமர்ந்தனர் என்பதே பொருள். அதே அதிகாரத்தின் 7-ஆம் வசனத்தில், சீடர்களை அனுப்பும்போது 'தியோ தியோ', அதாவது இரண்டு இரண்டு, என்றே எழுதுகிறார். நம் பழைய தமிழ்த் திருமறை இவ்விரட்டைகளைக் காத்தே வைத்திருக்கிறது. மேலும், நூறு, ஐம்பது என்னும் எண்களைக் கிரேக்கம் 'கத்தா' என்னும் முன்னிடைச்சொல்லால் பகிர்ந்து காட்ட, தமிழோ அவற்றையும் இரட்டித்தே தந்திருக்கிறது. அன்று அவற்றைக் கைவிட்டது நம்முடைய விளக்கமே. நாம் ஆங்கில விரிவுரை ஒன்றைப் படித்துச் சென்றிருந்தோம். ஆங்கிலத்தில் அமைந்த சொல்லையே தமிழாக்கி உரைத்தோம்.

மாற்கின் இந்நடையைக் குறைபாடாகக் கருதியோர் பலர். எபிரெய, அரமாய வழக்கின் சாயல் படிந்த கொச்சைக் கிரேக்கம் என்றனர். லூக்கா தம் நூலில் (9:14) இதே நிகழ்ச்சியை எழுதும்போது இரட்டையை விட்டுவிட்டு, ஏட்டு நடைக்கேற்ற முன்னிடைச்சொல்லைக் கையாளுகிறார். ஆயினும், எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்னுமிடத்தில் மணலுக்கடியிலிருந்து கிடைத்த பாப்பிரசு ஏடுகளில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடிதம் ஒன்று, எதையோ மும்மூன்றாகக் கட்டுமாறு சொல்ல 'திரியா திரியா' என்றே எழுதுகிறது. எனவே இது மாற்கு ஒருவருடைய பிழையன்று. சந்தையிலும் வயலிலும் வழங்கிய கிரேக்கம் என்றே கொள்ள வேண்டும்.

இனி, தமிழிலக்கணம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்று காண்போம். அடுக்குத்தொடர், இரட்டைக்கிளவி என்னும் இரண்டும் பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்றவை. அடுக்கில் ஒவ்வொரு சொல்லும் தனித்து நின்றும் பொருள் தரும். 'தீ தீ', 'வா வா' போல. இரட்டைக்கிளவியோ பிரிந்து இசையாது. அலை 'சலசல' என்கிறது. தனித்த 'சல' என்பதற்குப் பொருளில்லை. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களின் அருகே நடப்போர் நாள்தோறும் கேட்கும் 'டொக்டொக்' என்னும் உளியோசையும் இவ்வகையே. எபிரெயத்திலும் இத்தகைய சொற்கள் உண்டு. எரேமியா 19-ஆம் அதிகாரத்தில் வரும் மட்கலயத்தின் பெயர் 'பக்புக்'. நீர் ஊற்றும்போது எழும் ஒலியே அதன் பெயராயிற்று. கைத்தாளத்துக்குச் 'செல்செலீம்' என்று பெயர். உருளுதலைக் குறிக்கும் வேர் இரட்டித்துச் சக்கரத்துக்குக் 'கல்கல்' என்னும் பெயரைத் தந்தது. அவ்வாறே மண்டையோட்டுக்குக் 'குல்கோலெத்' என்னும் பெயரையும் தந்தது. அதன் அரமாய வடிவம் தேய்ந்ததே கொல்கொதா. அப்பெயருக்குள் ஓர் இரட்டைக்கிளவி புதைந்து கிடப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்!

ஆனால் 'கூறு கூறாக' என்பது இவ்விரண்டில் எதிலும் முழுமையாக அடங்குவதில்லை. அதில் விரைவு இல்லை, அச்சம் இல்லை, ஒலிக்குறிப்பும் இல்லை. மொத்தமாக உள்ளதைப் பகுதி பகுதியாகப் பிரித்து நிறுத்துவதே அதன் தொழில். இதனைப் பகிர்வுப் பொருள் எனலாம். எண்ணுப்பெயர்களைப் பொறுத்தமட்டில் இப்பொருளுக்கென்றே ஒரு தனி விதியைப் பவணந்தியார் நன்னூலில் வகுத்திருக்கிறார். ஒன்பது நீங்கலாகப் பத்து வரையுள்ள எண்கள் இரட்டிக்கும்போது, முதற்சொல்லில் முதலெழுத்து மட்டும் நின்று ஏனைய கெடும், நெடில் குறுகும், உயிர் வரின் வகரமும், மெய் வரின் வந்த மெய்யும் மிகும். இவ்வாறு ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, எவ்வேழு, பப்பத்து என்பன பிறக்கின்றன. சொல் முழுவதும் மீள வாராமல், தலைப்பகுதி மட்டும் மீள வருவது இங்கு நோக்கத்தக்கது.

இந்த அழகிய வடிவங்களுள் ஒவ்வொன்று மட்டுமே இன்று பெருவழக்கில் உள்ளது. ஏனையவற்றுக்கு ஓர் இடர் நேர்ந்துவிட்டது. இவ்விரண்டு என்றால் 'இந்த இரண்டு' என்றே இன்று கொள்வர். அவ்வாறு என்பதில் ஆறைக் காண்பவர் எவருமில்லை. எவ்வேழு என்றால் 'எந்த ஏழு?' என்று கேட்பர். நோவாவின் பேழையைப் பற்றிய பகுதியில் (ஆதியாகமம் 7:2) எபிரெயம் ஏழு என்னும் சொல்லை இரட்டிக்கிறது. ஏழு உயிர்களா, ஏழு இணைகளா என்று உரையாசிரியர் வாதிட்டு வரும் இடம் அது. அங்கே 'ஏழேழு' என்று மட்டும் உரைத்தால், வாய்பாடு பயின்ற சிறுவன் நாற்பத்தொன்பது என்பான். 'ஏழேழாக' என்றால் அவ்வையம் எழாது. 'ஆக' என்னும் சிற்றுருபே பெருக்கலைப் பகிர்வாக மாற்றிவிடுகிறது. கூறு கூறாக, ஊர் ஊராக, இரண்டிரண்டாக எனக் கடற்கரைச் சந்தையில் நாள்தோறும் வழங்குவதும் இதுவே.

தமிழுக்கும் எபிரெயத்துக்கும் மட்டும் உரிய வழக்கு என்று இதனை எண்ணிவிட வேண்டா. உலக மொழிகளின் அமைப்பை வரைபடங்களாகத் தொகுத்து 2005-இல் வெளியிடப்பட்ட பெருந்தொகுப்பில், கார்ல் ரூபினோ 368 மொழிகளை ஆராய்ந்திருக்கிறார். அவற்றுள் 278 மொழிகளில் சொல் முழுவதும் இரட்டித்தலும், ஒரு பகுதி இரட்டித்தலும் உயிருள்ள ஆக்கமுறைகளாக உள்ளன. 35 மொழிகளில் முழு இரட்டிப்பு மட்டுமே உண்டு. எஞ்சிய 55 மொழிகளில் இது ஆக்கமுறையாக இல்லை; ஆங்கிலம் முதலிய மேற்கு ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலும் இச்சிறு கூட்டத்தைச் சேர்ந்தவை. திருமறை விரிவுரைகளை நாம் பெரிதும் ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்கிறோம். இரட்டிப்பு இல்லாத மொழி ஒன்றின் கண்ணாடி வழியே, இரட்டிப்பு உள்ள மொழிகளின் நூலை, இரட்டிப்பு உள்ள மொழி பேசுவோருக்கு விளக்குகிறோம். இதன் விந்தையை என்னென்பது!

மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் மனிதன். 'ஓராங்-ஓராங்' என்றால் மக்கள். 1972-இல் எழுத்துமுறை திருத்தப்படும் வரை, சொல்லை மறுபடி எழுதும் உழைப்பை மிச்சப்படுத்த அதனருகில் 2 என்னும் இலக்கத்தை இட்டுவிடுவர். பிலிப்பைன்சின் தகலோகு மொழியில் 'பிலி' வாங்குதலைக் குறிக்கும். முதலசை இரட்டித்துப் 'பிபிலி' என்றானால், இனிமேல் வாங்குதலைக் குறிக்கும். பப்பத்தை நினைவூட்டும் வடிவம் இது. சீன மொழியில் 'கான்' என்றால் பார். 'கான்கான்' என்றாலோ சற்றே பார். இரட்டித்தால் பொருள் மிகும் என்று மட்டும் எண்ணுவோர்க்கு இது ஒரு தடை; குறையவும் கூடும். கிரேக்க இலக்கணம் பயிலும் நம் மாணவர்க்கு நிறைவுக்கால வினையின் முதலெழுத்து இரட்டிப்பது தெரியும். 'கிராபோ' என்பது எழுதுகிறேன். 'கெகிராப்டாய்' என்பது எழுதப்பட்டு நிலைத்திருக்கிறது. முன்னே வந்து நிற்கும் 'கெ' ஒன்றே அந்நிலைபேற்றைச் சுமக்கிறது. வாய்பாடாக மனப்பாடம் செய்யும் நாள்களில் இதை எவரும் எடுத்துரைப்பதில்லை.

இரட்டிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. காப்பி கீப்பி, பணம் கிணம் என்னும் எதிரொலிச் சொற்களைக் கருதுகிறோம். முதலெழுத்து குறிலாயின் 'கி', நெடிலாயின் 'கீ' என மாறி, 'அதுவும் அதுபோல்வனவும்' என்னும் பொருளைத் தரும். இந்தியில் 'சாய் வாய்', வங்காளத்தில் 'சா டா' என இவ்வழக்கு இந்நாடெங்கும் மொழியினங்களைக் கடந்து பரவியிருத்தலை, 1956-இல் இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாகக் காட்டிய எமனோ என்னும் அறிஞரும் கருத்தில் கொண்டார். விருந்தோம்பலில் இது இனிமை பயக்கும். வேறிடத்தில் இகழ்ச்சியாகிவிடும், 'சபை கிபை' என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனநிலையை வினவ வேண்டியதில்லை.

சினத்தையும் இரட்டிப்பு சுமக்கும். மாமல்லபுரத்திற்குச் செல்வோர் கணேச இரதத்திலும், தருமராச மண்டபத்திலும், இராமானுச மண்டபத்திலும் வடமொழிச் செய்யுள் ஒன்று பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பல்லவர் காலத்தது, ஹூல்ஷ் என்பார் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். நெஞ்சில் உருத்திரனைக் கொள்ளாதவர்களை நோக்கிய சாபம் அது. 'சீ' என்று பொருள்படும் 'திக்' என்னும் சொல் ஒரே செய்யுளில் ஆறு முறை வருகிறது. விரைந்து கூறும் அடுக்குக்கு மூன்றே எல்லை எனவும், இசை நிறைக்க வரும் அடுக்குக்கு நான்கே எல்லை எனவும் தொல்காப்பியர் வரையறுத்தார். கல்தச்சன் மீறிவிட்டானோ என்று தோன்றும். உற்று நோக்கின், இடையே வேறு சொல் வாராமல் தொடர்ந்து நிற்பவை மூன்றே. வேற்று மொழியாயினும் சினத்தின் மூச்சு மூன்றில்தான் நிற்கிறது போலும்! ஏசாயா கேட்ட சேராபீன்களின் துதியிலும் பரிசுத்தத்தைக் குறிக்கும் சொல் மும்முறையே அடுக்கி வருகிறது. யோவான் நற்செய்தியிலோ 'ஆமென்' எப்போதும் இரட்டையாகவே, 25 இடங்களில் வருகிறது. ஏனைய மூன்று நற்செய்திகளிலும் அது தனித்தே நிற்கிறது.

மத்தேயு 6:7-ஐக் காட்டி, ஜெபத்தில் சொன்னதைச் சொல்லுதல் கூடாது என்று கிராமத்துப் பெரியோரின் ஜெபத்தை இடைமறிக்கும் இளம் ஊழியர் உண்டு. அங்குள்ள கிரேக்க வினை, 'பத்த' என்னும் திக்குவாய் ஒலியிலிருந்து பிறந்ததாகப் பலர் கருதுவர்; பொருளற்ற பிதற்றலையே அது குறிக்கிறது. அதே நூலின் 26:44-இல், ஆண்டவர் கெத்செமனேயில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று காண்கிறோம்.

மறுமுறை அச்சிற்றூருக்குச் சென்றபோது, அம்முதிய பெண்மணியிடம் அவர் சொன்னதே மூலத்துக்கு அணுக்கமானது என்பதை அனைவர் முன்னும் ஒப்புக்கொண்டோம். 'பிரசியா' என்பது பாத்தி என்றும் விளக்கினோம். கீரை பயிரிடும் ஒருவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "பாத்தின்னா நடுவுல வரப்பு இருக்குமே ஐயா. பரிமாறுனவங்க அதுமேலதான் நடந்து போயிருப்பாங்க" என்றார். நாம் படித்த விரிவுரையில் அவ்வரப்பு இல்லை.