திருக்கோவிலூர் வழியாகப் போன கேள்வி

1896 ஆகஸ்ட் மாதக் கடைசி. மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பதினாறு வயதுப் பையன் ஒருவன், விழுப்புரத்தில் மிச்சமிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்தே அரகண்டநல்லூரை அடைந்தான். தென்பெண்ணையைக் கடந்தால் திருக்கோவிலூர். இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டம். கீழையூர் வீரட்டேஸ்வரர் கோயிலில் பசியோடு நின்றவனுக்குக் கோயில் மேளக்காரர் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, காதுக் கடுக்கனை அவரிடமே அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றுக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். வேங்கடராமன் என்ற அந்தப் பையன்தான் ரமண மகரிஷி.

அவரைக் கிளப்பிவிட்டது சில வாரங்களுக்கு முன் வந்த மரண பயம். பயந்து ஓடாமல், பிணம்போல் விறைத்துப் படுத்துக்கொண்டு, சாவது எது, மிஞ்சுவது எது என்று தனக்குள்ளேயே பார்த்தார். 1902இல் தென்னார்க்காடு ஜில்லா ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகளோடு அவரிடம் போனார். மௌனத்தில் இருந்தவர் பதில்களை எழுதியே காட்டினார். 1923இல் அச்சான ‘நான் யார்?’ அதிலிருந்து பிறந்த நூல். கள்ளக்குறிச்சி அப்போது அதே தென்னார்க்காட்டின் ஒரு தாலுகா.

இதை ஆன்மிகக் கதையாக மட்டும் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தப் பையன் ‘எனக்கு ஏன் இப்படி?’ என்று கேட்கவில்லை; ‘சாவது எது?’ என்று பார்த்தான். கடந்த ஐம்பதாண்டு உளவியல் மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கும் இடமும் அதுதான். தன்னைப் பார்ப்பது ஒருவரை வளர்க்குமா, வாட்டுமா என்பதை அவர் தன்னிடம் கேட்கும் கேள்வியின் அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது.

முதலில், சும்மா இருப்பதே நமக்குக் கடினம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமத்தி வில்சன் குழு 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் தங்கள் எண்ணங்களோடு உட்காரச் சொன்னார்கள். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்தாவது இந்த அதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று முன்னதாகச் சொன்னவர்கள்தாம் அவர்கள். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள்.

வேலையில்லாத நேரத்திலும் மூளை ஓய்வதில்லை. வெளிவேலையில் கவனம் இல்லாதபோது மூளையின் நடுப்பகுதிகள் சில ஒன்றாகச் சுறுசுறுப்பாவதை செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மார்கஸ் ரைக்கல் 2001இல் விவரித்தார். இயல்புநிலை வலைப்பின்னல் என்று அதைச் சொல்லலாம். பழைய நினைவு, நாளைய கவலை, அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்ற ஊகம், எல்லாவற்றையும் கோத்து ‘என் கதை’யை ஓயாமல் நெய்துகொண்டிருப்பது இதுதான். அந்தக் கதை சில சமயம் வழிகாட்டும். சில சமயம் செக்கு மாடாகச் சுற்றவைக்கும்.

சுற்றவைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தற்செயலாக ஒரு சான்று கிடைத்தது. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையையும், கவலை வந்தால் அதைக் கையாளும் விதத்தையும் கேட்டுப் பதிவு செய்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபரில், கலிஃபோர்னியாவை நிலநடுக்கம் உலுக்கியது. அதே மாணவர்களை மறுபடி விசாரித்தபோது, துக்கத்தையே அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம் ஏழு வாரங்களுக்குப் பிறகும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. அதிர்ச்சி எல்லோருக்கும் ஒன்றுதான். தங்களுக்குள் பார்த்த விதம் வேறு. 2003இல் அவரும் சகாக்களும் இந்த அசைபோடலை இரண்டாகப் பிரித்தார்கள்: புண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும் புழுக்கம் ஒன்று, பிரச்சினையை அவிழ்க்க முயலும் சிந்தனை மற்றொன்று. நாளடைவில் சோர்வைக் கூட்டுவது முதலாவது.

‘ஏன்’ என்ற கேள்விக்கு இன்னொரு குறை உண்டு. நாம் சொல்லிக்கொள்ளும் பதில் பல நேரம் உண்மையாக இருப்பதில்லை. 1977இல் வெளியான ஓர் ஆய்வில் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமத்தி வில்சனும் ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளைக் கடையில் வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். மற்ற எதையும்விட வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தார்கள். காரணம் கேட்டால் நெசவைச் சொன்னார்கள், மென்மையைச் சொன்னார்கள். வைத்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனம் உடனுக்குடன் ஒரு நியாயத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. ‘நான் ஏன் தோற்றுப்போனேன்’ என்று நள்ளிரவில் கேட்பவருக்குக் கிடைப்பதும் இப்படித் தயாரான பதிலாகவே இருக்கக்கூடும்.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? ரமணர் காட்டிய வழி எண்ணத்தின் பின்னால் போகாமல், இந்த எண்ணம் யாருக்கு எழுகிறது என்று திரும்பிப் பார்ப்பது. 2007இல் டொரண்டோவில் நார்மன் ஃபார்ப் குழு, எட்டு வாரம் மனவிழிப்புப் பயிற்சி பெற்றவர்களின் மூளையைப் படம் எடுத்தது. ‘என் கதை’யை நெய்யும் நிலையும், இந்தக் கணத்தில் உணர்வதை வெறுமனே கவனிக்கும் நிலையும் அவர்களிடம் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. ரமணர் சொன்னதை இது நிரூபித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதையிலிருந்து விலகி நிற்பது பழகக்கூடிய திறன் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

விலகி நிற்பதற்கு எளிய வழியும் இருக்கிறது. உளவியலாளர் ஈதன் கிராஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான நேரத்தில் தன்னைத் தன் பெயரால் அழைத்து யோசித்தவர்கள், ‘நான், எனக்கு’ என்று யோசித்தவர்களைவிட நிதானமாக இருந்தார்கள். தமிழுக்கு இது புதிதல்ல. நெஞ்சை எதிரில் நிறுத்தி இன்னொருவரிடம்போல் பேசுவதற்குத் திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது.

எழுதுவதும் அந்த இடைவெளியைத் தருகிறது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை அறுக்கும் சம்பவத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். 2006இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்மை, ஆனால் சிறிது என்று தெரிந்தது. நாள்போக்கில் ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் கூடியவர்களுக்கே அதிகம் பயன்பட்டது.

இதையெல்லாம் கள்ளக்குறிச்சியில் வைத்து எழுதக் காரணம் 2024 ஜூன். கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அது அருகிலுள்ள கல்வராயன் மலையில் போடும் சாராய ஊறலில் உருவாவதல்ல; தொழிற்சாலைச் சரக்கு. ஆனால் பழி வழக்கம்போல மலைமேல் ஏறியது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அங்குள்ள மலையாளி பழங்குடியினரைப் பற்றி ‘ஊறல் அழிப்பு’ செய்திதான் நமக்கு அதிகம் வருகிறது.

பழி குடிப்பவர்மேலும் விழுகிறது. அவரைத் திட்டினால் திருந்துவார் என்ற நம்பிக்கையை உளவியலாளர் வில்லியம் மில்லர் சோதித்துப் பார்த்தார். 1993இல் அவர் குழு கண்டது: ஆலோசகர் எவ்வளவு மோதினாரோ, ஓராண்டுக்குப் பின் அந்த நபர் அவ்வளவு அதிகம் குடித்தார். மில்லர் 1983இலேயே முன்வைத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில் ஆலோசகர் அறிவுரையைத் திணிப்பதில்லை. குடி உங்களுக்கு என்ன கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது, பிள்ளைக்கு எப்படிப்பட்ட அப்பாவாக இருக்க ஆசைப்பட்டீர்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். மாற வேண்டிய காரணத்தை அந்த மனிதரே தன் வாயால் சொல்ல வேண்டும். இது ரமணரின் ‘நான் யார்?’ விசாரணை அல்ல. ஆனாலும் தன்னைத் தானே பார்ப்பதுதான், துணையோடு.

அந்தத் துணை கருணாபுரத்திலும் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 14416 என்ற இலவச மனநல உதவி எண் 2022 முதல் இயங்குகிறது. ஆனால் நாள்கூலி முடித்துத் திரும்புபவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆள் வேறு. எழுதப் படிக்கத் தெரியாதது இதற்குத் தடையில்லை. எழுதுவதற்குப் பதிலாக ஒலிப்பதிவுக் கருவியில் பேசச் சொல்லிச் செய்த ஆய்வுகளிலும் பலன் தெரிந்தது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு மாலை, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், மூடிய கதவு, அரை மணி நேரம். நான் கேட்பது இதைத்தான். சாராயச் சாவுகளுக்குக் கொடுக்கும் இழப்பீட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் செலவு அதிகமில்லை.