கழுத்துத் தமனியும் அறுவை மருத்துவமும்

கழுத்தின் ஒரு பக்கத்தில் மெல்ல விரல் வைத்தால் துடிப்புத் தெரியும். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருந்தமனிகள் அங்கே பக்கத்துக்கு ஒன்றாக ஓடுகின்றன. அவற்றை அழுத்தினால் மயக்கம் உண்டாகும் எனப் பண்டைக் கிரேக்கர் கருதினர். மயக்கத்தைக் குறிக்கும் அவர்தம் சொல்லிலிருந்தே ‘கரோட்டிட்’ என்னும் பெயர் பிறந்தது.

தாடைக்குச் சற்றுக் கீழே இத்தமனி இரண்டாகக் கிளைக்கிறது; ஒன்று முகத்திற்கு, மற்றொன்று மூளைக்கு. கிளைக்கும் அவ்விடத்தில்தான் கொழுப்பும் சுண்ணமும் உட்சுவரில் படிந்து வழியைக் குறுக்குகின்றன. குறுகுவதினும் பெருங்கேடு, அப்படிவிலிருந்து பெயரும் துணுக்கு மூளையின் சிறு நாளத்தை அடைப்பதாகும். சில நிமிடம் நாக் குழறும். ஒரு கை தளரும். ஒரு கண் இருளும். பிறகு தானே தெளிந்துவிடும். தெளிந்துவிடுவதே வினை! பலரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

1954 மே திங்களில் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட 66 வயது மாதுக்கு இத்தகைய தாக்குதல் 33 முறை நேர்ந்திருந்தது. குருதியோட்டத்தை நிறுத்தாமல் தமனியை வெட்ட இயலாது. நிறுத்தினாலோ மூளை பொறுக்காது. ஆகவே ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகியோர் அம்மாதின் உடலைக் குளிரவைத்து, குறுகிய பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சிய முனைகளை இணைத்தனர். தாக்குதல்கள் நின்றன. 1953இலேயே அமெரிக்க நாட்டு ஹூஸ்டனில் டிபேக்கி, தமனியைத் திறந்து படிவை மட்டும் உரித்தெடுத்திருந்தார். ஆனால் அந்நோயாளியின் வரலாற்றை அவர் விரித்து வெளியிட்டது 1975இல்தான். இன்று பெரிதும் நிலவுவது உரித்தெடுக்கும் முறையே. குளிரூட்டலுக்குப் பதிலாக, வேண்டியபோது சிறு குழாய் ஒன்றைச் செருகிக் குருதியைத் தற்காலிகமாகக் கடத்துகின்றனர்.

எனினும் பக்கவாதத்தைத் தடுக்கச் செய்யும் அறுவையே சிலருக்குப் பக்கவாதத்தை விளைவிப்பதும் உண்டு. யாருக்குச் செய்வது என்னும் வினாவிற்கு 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு விடை தந்தது. தாக்குதல் கண்டவர்களில், தமனி 70 விழுக்காட்டிற்கு மேல் குறுகியோர் இருவகையாகப் பிரிக்கப்பட்டனர். மருந்து மட்டும் பெற்றோருள் 26 விழுக்காட்டினருக்கு ஈராண்டில் அப்பக்கத்துப் பக்கவாதம் வந்தது. அறுவை பெற்றோருள், அறுவையால் நேர்ந்த தீங்கையும் சேர்த்தே, 9 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. குறுக்கம் 50 விழுக்காட்டிற்குக் குறைவாயின் அறுவையால் நன்மையில்லை என்பது 1998இல் தெளிவாயிற்று.

கம்பிவலைக் குழாயை உட்செலுத்தித் தமனியை விரிக்கும் முறையும் உண்டு. 2010இல் வெளியான ஆய்வில், அச்சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் மிகுந்தும், அறுவையில் மாரடைப்பு மிகுந்தும் காணப்பட்டன. முதியோருக்கு அறுவையே ஏற்றது என்பர். தாக்குதல் எதுவும் காணாதவர் நிலை வேறு. மருந்துகள் மேம்பட்டுவிட்ட இந்நாளில் அவர்களுக்குக் கத்தி வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. தாக்குதல் கண்டவர்க்கோ, அது நேர்ந்த இரண்டு வாரங்களுக்குள் செய்யும் அறுவையே மிகுந்த பயன் தருகிறது. நாள் செல்லச்செல்ல அப்பயன் குறைந்துவிடுகிறது.