பிதிஹர்வா பள்ளிக்கூடம்

பீகாரின் வடக்கே, நேபாள எல்லைக்குப் பக்கத்தில் உள்ளது சம்பாரண். அங்கே பிதிஹர்வா ஒரு சின்ன ஊர்.

அந்தக் காலத்தில் சம்பாரண் விவசாயிகள் தங்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரி போட்டே ஆக வேண்டும். அது வெள்ளைக்கார முதலாளிகளின் கட்டாயம். அவுரியிலிருந்து நீலச் சாயம் எடுப்பார்கள். இந்தக் கொடுமையை விசாரிக்க 1917இல் காந்தியடிகள் வந்தார். ஊர் ஊராகப் போனார். பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை. எங்கும் குப்பை, நோய். கட்டாயம் ஒழிந்தால் மட்டும் போதுமா?

பள்ளிக்கூடம் திறக்க முடிவு செய்தார். ஊர்க்காரர்களிடம் காசு இல்லை. ஆனால் ஆசிரியர்களுக்குத் தானியம் தருகிறோம் என்றார்கள். பிதிஹர்வா பள்ளி 1917 நவம்பர் 20 அன்று தொடங்கியது. மூங்கிலும் புல்லும் கொண்டு கட்டிய குடிசைதான் பள்ளி.

கற்றுக்கொடுக்க யார் வந்தார்கள் தெரியுமா? காந்தியடிகளின் மனைவி கஸ்தூரிபாவும் வந்தார். அவருக்கு எழுத்தறிவு மிகக் குறைவு. இந்தியும் சரியாக வராது. இலக்கணம் வேண்டாம், சுத்தமும் நல்ல பழக்கமும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார் காந்தியடிகள். பத்தாவது மட்டும் படித்துவிட்டுப் பாடம் நடத்தும் எனக்கு இது பெரிய தைரியம்!

ஒருநாள் பக்கத்து ஊரில் சில பெண்கள் அழுக்குச் சேலையோடு இருந்தார்கள். ஏன் துவைப்பதில்லை என்று கஸ்தூரிபா கேட்டார். ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போனார். உள்ளே பெட்டி இல்லை, வேறு துணியும் இல்லை. கட்டியிருந்த சேலை ஒன்றுதான். அதைத் துவைத்துப் போட்டுவிட்டு எதை உடுத்துவது? சுத்தம் பற்றிப் பேசப் போகும் யாரும் இந்தக் கேள்வியை மறக்கக் கூடாது.

ஒரு இரவு பள்ளிக் குடிசை எரிந்துபோனது. முதலாளிகளின் ஆட்கள் வைத்த தீயோ என்று சந்தேகம். அங்கே கஸ்தூரிபாவுடன் சோமன் என்ற தொண்டர் பொறுப்பில் இருந்தார். இனிமேல் எரியாத கட்டடம் வேண்டும் என்று அவர் வேலையில் இறங்கினார். பலரும் கூடவே சேர்ந்தார்கள். சீக்கிரமே செங்கல் கட்டடம் எழுந்தது.

1918இல் சட்டம் வந்து அவுரிக் கட்டாயம் ஒழிந்தது. காந்தியடிகள் வேறு வேலைக்காக குஜராத் போனார். தொண்டர்களும் கலைந்தார்கள். பள்ளிகளை நிலையாக நடத்த வேண்டும் என்ற அவர் ஆசை நிறைவேறவில்லை.

ஆனால் பிதிஹர்வாவில் அந்த இடம் அழியவில்லை. இன்று அது காந்தி நினைவிடம், பொதுமக்கள் வந்து பார்க்கும் காட்சியகம். பள்ளிக்கூடத்து மணி அங்கே இருக்கிறது. கஸ்தூரிபா மாவு அரைத்ததாகச் சொல்லும் திரிகையும் இருக்கிறது.