கரு தங்கியது தெரியாமல் கருத்தடைக் குளிசை எடுத்துவிட்டால்...

கருத்தடைக் குளிசை பாவிக்கும் பெண்களிலும் சிலர் கருத்தரிப்பதுண்டு. இரண்டொரு நாள் குளிசை தவறியிருக்கலாம். வாந்தி, வயிற்றோட்டத்தால் மருந்து உடலிற் சேராமற் போயிருக்கலாம். காசநோய்க்குரிய றிபாம்பிசின், வலிப்புக்குரிய பெனிற்றோயின் போன்ற மருந்துகளும் குளிசையின் வலுவைக் குறைப்பவை. இடம்பெயரும்போது குளிசை அட்டை கைவிட்டுப் போவதும் அடுத்தது கிடைக்கப் பிந்துவதும் நாம் அறிந்தவையே.

இவ்வாறு கரு தங்கினால் அதை உடனே அறிவது கடினம். குமட்டலைக் குளிசையின் குணமென்று எண்ணிவிடுவோம். மாதவிடாய் குறைவாக வருவதும் குளிசை எடுப்போருக்குப் புதிதல்ல. ஆகவே ஓரிரு மாதம் குளிசையும் தொடர்ந்துவிடுகிறது. உண்மை தெரிந்ததும் "பிள்ளை ஊனமாய்ப் பிறக்குமோ?" என்ற அச்சம் எழுகிறது. இவ்வச்சத்தினாலேயே சிலர் கருவைக் கலைக்கவும் துணிகின்றனர்.

இவ்வச்சம் தேவையற்றது. குளிசையில் உள்ளவை ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன்களை ஒத்தவை. இவ்வோமோன்கள் கருவுற்ற தாயின் உடலிலேயே பெருமளவிற் சுரக்கின்றன. டென்மார்க்கில் 1997 முதல் 2011 வரை பிறந்த 8 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2016இல் முடிவு வெளியிட்டனர். குளிசையே எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளிலும், கருவுற்ற பின்னும் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிலும், பாரிய பிறவிக் குறைபாடு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 25 பேருக்கே இருந்தது. ஆகவே, குறையோடு ஒரு பிள்ளை பிறந்தால், தாய் எடுத்த குளிசையைக் காரணங் காட்டி அவளைக் குறை கூறுவது நியாயமல்ல.

செய்ய வேண்டியவை:

1. மாதவிடாய் வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கரு தங்கியது உறுதியானதும் குளிசையை நிறுத்துங்கள். அதனால் கருவுக்குப் பாதிப்பில்லை.

2. மருத்துவமாதுவிடம் விரைவிற் பதியுங்கள். குளிசை அட்டையைக் கொண்டுசென்று, எத்தனை நாள் எடுத்தீர்களென்று சொல்லுங்கள். அவர் தரும் போலிக் அமிலக் குளிசையைத் தவறாது எடுங்கள்.

3. வலிப்பு முதலிய நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம்.

4. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம் ஏற்பட்டால், இரவானாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். பாலூட்டும் தாய்மாருக்கு வழங்கப்படும், புரொஜெஸ்தரோன் வகை ஓமோன் மாத்திரம் உள்ள குளிசையை எடுத்தவர்கள் இதில் கூடிய கவனமாயிருக்க வேண்டும்.

5. கருவைக் கலைக்கவென்று வேரோ கசாயமோ கடை மருந்தோ எடுக்காதீர்கள். தாயின் உயிரைப் பறிக்கக்கூடியவை அவையே. தெரியாமல் எடுத்த குளிசை அல்ல.