ரயரின் வெப்பமும் பந்தயக் காரின் வேகமும்

மோட்டார்ப் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது எஞ்சினின் வலிமையே என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆனால், எஞ்சின் பிறப்பிக்கும் வலு முழுவதும் நிலத்தைச் சென்றடைவது, நான்கு ரயர்கள் ஓடுபாதையைத் தொடுகின்ற சிறு பரப்பின் வழியாகவே. அப்பரப்பிற் பிடிப்பு இல்லையேல் எஞ்சினின் ஆற்றல் வீணே. இவ்வுண்மையைப் போர்மியூலா-1 பந்தயங்களிற் கலந்துகொள்ளும் ஹாஸ் என்னும் அமெரிக்கக் குழு 2019ஆம் ஆண்டில் நன்கு உணர்ந்துகொண்டது.

முந்திய ஆண்டில் அக்குழு 93 புள்ளிகள் பெற்று ஐந்தாம் இடத்தை அடைந்திருந்தது. 2019இன் முதற் போட்டியிலும், மெல்பேண் நகரில், அதன் சாரதி கெவின் மக்னுசன் ஆறாவதாக வந்தார். அடுத்த போட்டி பஹ்ரெயினில் நடைபெற்றது. தகுதிகாண் சுற்றில் ஆறாம் இடம்பெற்ற அதே சாரதி, போட்டி முடிவிற் பதின்மூன்றாம் இடத்துக்குப் பின்தள்ளப்பட்டார். ஒரு சுற்றில் விரைந்தோடிய கார், ஐம்பதுக்கு மேற்பட்ட சுற்றுகளில் ஏன் தளர்ந்தது?

விடை இறப்பரின் இயல்பிலே தங்கியுள்ளது. பந்தய ரயரின் இறப்பர், குறித்த வெப்பநிலை எல்லைக்குள் மட்டுமே பாதையை இறுகப் பற்றும். குளிர்ந்தால் அது விறைக்கும், கார் வழுக்கும். வழுக்கும்போது மேற்பரப்பு உராய்ந்து சிதையுமேயன்றி உட்பகுதி போதியளவு சூடேறாது. அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, அப்போதும் பிடிப்புக் குறையும். ரயர்கள் மிகச் சூடேறுவதைத் தவிர்க்கும் பொருட்டு, 2019இல் பிரெல்லி நிறுவனம் தடிப்புக் குறைந்த மேற்படையுடைய ரயர்களை வழங்கியது. அவற்றைச் சூடேற்றிச் சமநிலையில் வைத்திருப்பது சில குழுக்களுக்குப் பெரும்பாடாயிற்று. பழைய ரயர்களுக்குத் திரும்புவதற்குப் பத்துக் குழுக்களுள் ஏழின் ஆதரவு வேண்டியிருந்தது, ஐந்தே இசைந்தன.

இனி, ரயர் மட்டுமே குற்றவாளியா? காரை நிலத்தோடு அழுத்தும் காற்றின் விசை, இறக்கையின் சாய்வு, வில் அமைப்பின் விறைப்பு, சில்லுகளின் சரிவு, ரயருள் அடைக்கப்பட்ட காற்றின் அமுக்கம் ஆகிய யாவும் ரயரின் வெப்பத்தைப் பாதிக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும். ரயர் குளிர்ந்ததாற் கார் வழுக்குகின்றதா, அன்றிக் கார் வழுக்குவதால் ரயர் கெடுகின்றதா என்பதைப் பிரித்தறிவதே பொறியியலாளரின் பெருஞ் சிக்கல்.

அதனைத் தீர்க்க ஹாஸ் குழு துணிவான ஒரு வழியை நாடியது. யூலை மாதம் சில்வர்ஸ்டோன் போட்டியில், ரொமெய்ன் குரோஜானின் காரை மெல்பேணில் ஓடிய பழைய அமைப்புக்கே மாற்றிற்று. மக்னுசன் புதிய பாகங்களுடன் ஓடினார். இரு கார்களையும் அருகருகே ஒப்புநோக்குவதே நோக்கம். ஆனால் முதற் சுற்றிலேயே அவ்விரு கார்களும் ஒன்றோடொன்று மோதின. இரண்டும் போட்டியிலிருந்து விலகின. எனினும் குழு தளராது, அடுத்த ஜேர்மனியப் போட்டியிலும் அச்சோதனையைத் தொடர்ந்தது. புதிய பாகங்கள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பது தெளிவாயிற்று.

அறிவு கிடைத்தது, ஆயினும் காலம் கடந்துவிட்டது. ஆண்டு முடிவில் அக்குழு 28 புள்ளிகளுடன் ஒன்பதாம் இடத்திலேயே நின்றது. புதியது யாவும் முன்னேற்றமன்று. பழையதோடு ஒப்பிட்டு அளந்த பின்னரே அதனை முன்னேற்றம் எனக் கொள்ளலாம். இது பந்தயக் காருக்கு மட்டும் உரிய விதியன்று.