இட்லிக்கு முந்தி நாற்காலி பேசும்!

சாயங்காலம் ஐந்தரை மணி. ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறவருக்கு லேசாகப் பசி. எதிரே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டல். இரண்டிலும் இட்லி உண்டு, காபி உண்டு. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் கால் ஒரு வாசலில் சட்டென்று நுழைகிறது. இன்னொரு வாசலில் தயங்கி நிற்கிறது.

ஏன்?

ஒன்றில் கறுப்புக் கண்ணாடிக் கதவு. உள்ளே மங்கல் விளக்கு. என்ன விலை, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. "நமக்கு இங்கே என்ன வேலை?" என்று மனசு பின்வாங்குகிறது. இன்னொன்றில் வாசலிலேயே கல்லா. அதன் மேல் விபூதி, குங்குமத் தட்டு. துடைத்த மேஜை, கை கழுவும் குழாய், ஆவி பறக்கும் டபரா எல்லாம் தெருவிலிருந்தே தெரிகின்றன. "வாங்க சார், உட்காருங்க" என்று சப்ளையர் சொல்வதற்கு முன்பே அந்த இடம் சொல்லிவிடுகிறது.

ஓட்டலின் பெயர் வாசலில் போர்டில் இருக்கிறது. அதன் குணம் உள்ளே மேஜை நாற்காலியில் இருக்கிறது.

ஸ்டூல் சொல்லும் சேதி

முதுகு சாய முடியாத ஸ்டூல் போட்டால், "சாப்பிட்டாச்சா, கிளம்புங்க" என்று அர்த்தம். சாய்மான நாற்காலி போட்டால், "இன்னொரு காபி சொல்லுங்க" என்று அர்த்தம். நின்றபடி சாப்பிடும் உயர மேஜை, பத்து நிமிஷத்தில் மின்சார ரயிலைப் பிடிக்கிறவருக்காகப் போட்டது. வாடகை ஏறிய இடத்தில் சின்ன ஹாலில் அதிகம் பேரைக் கவனிக்க அதுவும் ஒரு வழி. ஆனால் மூட்டுவலிக்காரப் பெரியவருக்கு அங்கே இடமில்லை. ஒரு ஓரமாக நாலு நாற்காலி போட்டிருந்தால் அவரும் வருவார்.

பழைய காபி கிளப்பில் கல் மேஜை போட்டது அழகுக்கு மட்டுமல்ல. சாம்பார் கொட்டினால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு போதும். மரப்பலகை மாதிரி ஊறாது, நாறாது. சுவர் நெடுக ஆளுயரக் கண்ணாடி மாட்டியதற்கும் காரணம் உண்டு. குறுகிய ஹால் அகலமாய்த் தெரியும். கல்லாவில் இருந்தபடியே முதலாளி மூலை டேபிளையும் பார்த்துக் கொள்ளலாம்!

விளக்கிலும் விஷயம் இருக்கிறது. மஞ்சள் வெளிச்சத்தில் வடை பொன்னாய்த் தெரியும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் அதே வடை வெளிறிப் போகும்.

தட்டி போட்ட காலம்

"இங்கே யாருக்கு இடம்?" என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதுசல்ல. ஒரு காலத்தில் ஓட்டலின் உள்ளமைப்பே சாதியைப் பார்த்துத்தான் அமைந்தது. பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். காசு ஒன்றுதான், உட்காரும் இடம் வேறு. தாழ்த்தப்பட்டவர்களைப் பல ஓட்டல்கள் வாசலோடு நிறுத்தின.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பிரிவினை இருந்தது. பெரியார் தொடர்ந்து எதிர்த்தார். 1941-ல் அது ஒழிந்தது. பிறகு 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல். போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் இறங்கியது.

தட்டியும் போர்டும் வெறும் மரச்சாமான்தான். அதை எடுக்க எத்தனை பேர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது!

சுவரில்லாத ஓட்டல்

தடுப்பு எதுவும் போடாமல் பெயர் வாங்கிய ஓட்டலும் இதே சென்னையில் இருந்தது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். உடுப்பி பக்கத்திலிருந்து வந்து உழைத்து முன்னேறிய கிருஷ்ணராவின் உட்லண்ட்ஸ் குழுமம் 1962-ல் ஆரம்பித்தது.

பெரிய பெரிய மரங்கள். அதன் நிழலில் காரை நிறுத்தினால் ஜன்னலில் தட்டை மாட்டி டிபன் வைத்துவிடுவார்கள். கார் இல்லாதவருக்கு உள்ளே ஹால் உண்டு. ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசியவர்கள் உண்டு. சினிமாக்காரர், எழுத்தாளர், வேலை தேடும் பையன், குடும்பஸ்தர் எல்லாரும் வந்தார்கள்.

2008-ல் அது மூடப்பட்டது. இடம் அரசின் வசமாகி, 2010-ல் செம்மொழிப் பூங்கா ஆனது. மசால் தோசை ஊரெல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் அந்த மரத்தடியைத்தான் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்!

இப்போது கண்ணாடிக் கதவு

சாதித் தட்டி போச்சு. இப்போது பர்ஸைப் பார்க்கும் கதவு வந்திருக்கிறது. ஒரே ஓட்டல், ஒரே அடுப்பு, ஒரே தோசை. வெளி ஹாலில் ஒரு விலை, ஏ.சி. ஹாலில் ஒரு விலை. "கரண்ட் பில் யார் கட்டுறது?" என்று முதலாளி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரியைக் காரணம் காட்ட முடியாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம், மற்றதற்கு 12 சதவீதம் என்று இருந்தது. அதே வருஷம் நவம்பர் 15 முதல் சாதாரண ஓட்டல்களில் இரண்டுக்கும் 5 சதவீதம்தான்.

கூடுதல் விலை வாங்குவதில் தப்பில்லை. அதற்காக வெளி ஹாலின் மின்விசிறியை ரிப்பேர் பார்க்காமல் விடுவதுதான் தப்பு. அங்கே வேர்த்து விறுவிறுத்துச் சாப்பிடுகிறவர் தினமும் வருகிறவர். ஏ.சி. ஹாலுக்கு வருகிறவர் பிறந்த நாளுக்கு வருகிறவர்.

வேஷம் வெளுக்கும்

இன்னொரு கூத்து, வேஷம் போடுவது. வாசலில் 'செட்டிநாடு' போர்டு. உள்ளே வண்டிச் சக்கரம், லாந்தர். தரையில் ஆத்தங்குடிக் கல் மாதிரியே அச்சடித்த ஸ்டிக்கர்! காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, கையாலேயே செய்கிற கல் அது. புழங்கப் புழங்க மெருகு ஏறும். ஸ்டிக்கர் ஆறு மாசத்தில் ஓரம் கிழியும். இலையில் வருவதோ பிரைட் ரைஸ். "ஏமாத்திட்டாங்கப்பா" என்று வந்தவர் போய்ச் சொல்வார்.

புதுசாக ஓட்டல் வைக்கிறவரும் பழசைப் புதுப்பிக்கிறவரும் லட்சக்கணக்கில் கடன் வாங்கி அலங்காரம் செய்கிறார்கள். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, சோபா, கலர் விளக்கு. கடைசியில் எல்லா ஓட்டலும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. பழைய வாடிக்கையாளர் வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் அடுத்த தெருவுக்குப் போகிறார். கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் வருகிறது.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முதலாளி கல்லாவை விட்டு இறங்கி, வாசல் வழியாக வாடிக்கையாளர் மாதிரி வந்து, வெளி ஹாலின் கடைசி மேஜையில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுப் பார்க்கலாம். காத்து வருதா? நாற்காலி ஆடுதா? குழாயில் தண்ணி வருதா?

அங்கே உட்கார அவருக்கே பிடிக்கவில்லை என்றால், முதல் செலவை அந்த மேஜையில் ஆரம்பிக்கலாம்.