மூளைத் தமனிப் புடைப்பும் அறுவை மருத்துவமும்

உடலின் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே மூளையாகும். எனினும் இதயம் செலுத்தும் குருதியில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை அது பெறுகின்றது. அக்குருதியைக் கொணரும் தமனிகள் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைந்து, பின்னர்ப் பல கிளைகளாகப் பிரிகின்றன. 1664 ஆம் ஆண்டில் இவ்வளையத்தை விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது.

கிளை பிரியும் இடத்தில் தமனிச் சுவர் நலிவுறுமாயின், துடிப்புதோறும் மோதும் குருதி அவ்விடத்தைச் சிறுகச் சிறுகப் புடைக்கச் செய்யும். காம்பில் தொங்கும் சிறு கனி போன்ற இப்புடைப்பினையே 'அனியூரிசம்' என்பர். வயது வந்தோருள் நூற்றுக்கு மூவர் அளவில் இஃது இருக்கலாம் என்பர். பலருக்கு வாழ்நாள் முழுதும் வெடிப்பதில்லை. புகைபிடித்தலும் உயர் குருதியழுத்தமும் இடரை மிகுவிக்கின்றன.

வெடிக்குமாயின், மூளையுறைகளின் இடையே குருதி பரவுகின்றது. நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும், முன்னெப்போதும் கண்டிராத தலைவலியே இதன் முதன்மையான அறிகுறி. வாந்தி, பிடரி இறுக்கம், நினைவிழப்பு ஆகியன தொடரலாம். கசிந்து நின்ற புடைப்பு மீண்டும் வெடிக்கும் வாய்ப்பு முதல் நாளிலேயே மிகுதி. அவ்வாறு மீண்டும் வெடித்தலே பல உயிர்களைக் கவர்கின்றது. எனவே மருத்துவரின் நோக்கம் ஒன்றே: புடைப்பினுள் குருதி புகாது தடுத்தல் வேண்டும், தாய்த்தமனியின் ஓட்டமோ தடைபடலாகாது.

இந்நோக்கினை அடைய இரு வழிகள் உள. முதல் வழி, புறத்திருந்து அடைப்பது. 1937 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், வால்டர் டாண்டி என்னும் அறுவை மருத்துவர் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றைப் பொருத்தினார். பின்னர் 1960களின் இறுதியிலிருந்து சூரிச் நகரில் காசி யாசர்கில் நுண்ணோக்கியின் துணையால் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். மூளையைக் கிழிக்காது, அதன் மடிப்புகளுக்கு இடையேயுள்ள இயற்கை வழியே புடைப்பினை அணுகுதல் இதன் சிறப்பாகும்.

இரண்டாம் வழி, அகத்திருந்து அடைப்பது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியே மெல்லிய கத்தீட்டர் குழாயை மூளை வரை செலுத்தி, பிளாட்டினச் சுருள்களால் புடைப்பினை நிரப்புவர். மின்னோட்டத்தால் கம்பியினின்று விடுபடும் சுருளை இத்தாலிய மருத்துவர் குய்டோ குல்யெல்மி உருவாக்கினார்; லாஸ் ஏஞ்சலிசில் 1990 இல் அது முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்பட்டது. அகன்ற கழுத்துடைய சில புடைப்புகளுக்கு, தாய்த்தமனியினுள் நெருக்கமான வலைக்குழாய் வைத்துக் குருதியோட்டத்தைத் திருப்பும் முறையும் பின்னர் வந்துள்ளது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது? வெடித்த புடைப்புடைய 2143 நோயாளிகளைக் கொண்ட ஒரு பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2002 இல் வெளிவந்தன. ஓராண்டின் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் சுருள் முறையில் 23.7 விழுக்காடு, கிளிப் முறையில் 30.6 விழுக்காடு. எனினும் இரு முறைகளுக்கும் ஏற்றவர் எனக் கருதப்பட்டோரே அவ்வாய்விற் சேர்க்கப்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. சுருளிட்ட புடைப்பில் மீண்டும் குருதி புகும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் தொடர்ந்த கண்காணிப்பு வேண்டும். கிளிப் இட்டது பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

ஆதலின் புடைப்பின் இடம், வடிவம், நோயாளியின் வயது, உடல்நிலை ஆகியவற்றைச் சீர்தூக்கி, இரு துறை வல்லுநரும் கலந்து முடிவெடுத்தலே முறையாகும். ஆயினும் எம்முறையும் பயன் தருவது நோயாளி காலத்தே வந்து சேரும்போதுதான். திடீரெனத் தாக்கும் கடுந்தலைவலியைக் கைவைத்தியத்தால் தணிக்க முயன்று பொழுதைக் கழிக்காது, உடனே மருத்துவமனையை நாடுதல் நம் வீடுதோறும் அறியப்பெற வேண்டிய கடமையாகும்.